இணையவழி ஓ.சி.டி. சிகிச்சை: மட்டக்களப்பில் இருந்துகொண்டு பெற முடியுமா?

துறையடியான்
மே 12, இரவு 10.15

அனைவருக்கும் வணக்கம். படுவான்கரையில், மண்டூர்ப் பக்கம் இருந்து எழுதுகிறேன். வயது 29. களுவாஞ்சிகுடியில் ஓர் அரச அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக வேலை செய்கிறேன்.

தினமும் காலையில் வெல்லாவெளி, போரதீவு வழியாக மோட்டார் சைக்கிளில் வந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறேன். அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். கடந்த மூன்று வருடங்களாக அந்தப் பயணத்துக்கு எனக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கிறது. சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பினால் யாரையோ இடித்துவிட்டேன் என்ற எண்ணம் வருகிறது. கண்ணாடியில் பார்த்தால் வீதி வெறுமையாக இருக்கும். ஆனாலும் திரும்பிப் போய், வண்டியை நிறுத்தி, வீதியோரத்துப் பற்றைக்குள்ளும் வாய்க்காலுக்குள்ளும் பார்த்தால்தான் மேற்கொண்டு போக முடிகிறது. அப்படித் திரும்பும்போது இன்னோர் இடத்தில் இன்னொரு குலுக்கல் ஏற்பட்டால் அதையும் பார்க்க வேண்டும். மாலையில் வீட்டுக்கு வந்தபின் விபத்துச் செய்தி ஏதும் உண்டா என்று இரவு ஒரு மணிவரை தொலைபேசியில் தேடுகிறேன். இப்போது தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய், பாலத்தடியில் இறக்கிவிடும்போது "ஒன்றும் நடக்கவில்லைதானே?" என்று அவனிடம் கேட்காமல் என்னால் அலுவலகத்துக்குள் போக முடியவில்லை.

அம்மா முதலில் செய்வினை என்று நினைத்து இரண்டு இடங்களில் நூல் கட்டுவித்தார். போன மாதம் வைத்தியசாலை கிளினிக்கில் மனநல வைத்தியரைப் பார்த்தேன். இது எண்ணச் சுழற்சி நோய், ஆங்கிலத்தில் ஓ.சி.டி. என்று சொல்லி, செர்ட்ரலின் மாத்திரை தந்திருக்கிறார். மருந்தோடு பேச்சுவழிச் சிகிச்சையும் செய்தால் நல்லது என்றார், ஆனால் அங்கே அதற்கு உடனடியாக நாள் கிடைக்கவில்லை. கனடாவில் இருக்கும் மச்சான், அமெரிக்காவில் இதற்கென்றே காணொளிவழிச் சிகிச்சை தரும் செயலிகள் இருப்பதாகச் சொல்லி இணைப்பு அனுப்பினார். கட்டணம் டாலரில், பேச்சு ஆங்கிலத்தில். முகநூலிலும் தமிழில் சில விளம்பரங்கள் வருகின்றன.

யாராவது இப்படிச் சிகிச்சை எடுத்திருக்கிறீர்களா? நேரே பார்க்காமல் ஒருவருக்கு இந்த நோய் விளங்குமா? எங்கள் வீட்டில் தனியறை என்று ஒன்று இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

---

கல்லடிக் காற்று
மே 13, காலை 6.50

தம்பி, உங்கள் பதிவை வாசித்தபின் இரவு எனக்கு நித்திரை வரவில்லை. உங்களுக்கு வீதி என்றால் எனக்குக் கிணற்றடி. நான் இணையவழியில்தான் இந்தச் சிகிச்சையை எடுத்தேன். நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

எனக்கு இது துடக்கில் தொடங்கியது. அயலில் ஒரு செத்தவீட்டுக்குப் போய்வந்து, எல்லோரையும் போலக் குளித்துவிட்டு வீட்டுக்குள் வந்தேன். குளித்தது போதவில்லை என்று தோன்றியது. மறுபடி குளித்தேன். சில மாதங்களில் அது பதினொரு வாளி என்ற கணக்காகி, கணக்குத் தவறினால் முதலில் இருந்து தொடங்க வேண்டும் என்றும் ஆகிவிட்டது. பிறகு செத்தவீடே தேவைப்படவில்லை. பிரேத ஊர்தி போன வீதியில் நடந்தவர், அவருடைய செருப்பு, அந்தச் செருப்புக் கிடந்த படி என்று துடக்கு தானாகவே பரவிக்கொண்டு போனது. ஒரு சவர்க்காரக் கட்டி ஒரு நாளைக்குக் காணாது. விரலிடுக்குகள் வெடித்து, மிளகாய்த்தூள் தொட்டால் உயிர் போகும். வேலையால் வரும் கணவர் வாசலிலேயே உடை மாற்ற வேண்டும், பிள்ளைகளின் புத்தகப்பை திண்ணையைத் தாண்டக் கூடாது. இவை எல்லாம் நான் போட்ட சட்டங்கள். வீட்டில் சண்டை வேண்டாம் என்பதற்காக அத்தனை பேரும் கீழ்ப்படிந்தார்கள்.

2022 இல், எரிபொருள் வரிசையும் மின்வெட்டுமாக இருந்த காலத்தில், கிளினிக்கில் மருந்து தொடங்கினார்கள். சுவிஸில் இருக்கும் அண்ணன் சென்னையில் ஓர் உளவியலாளரைத் தேடிப் பிடித்து, கட்டணத்தையும் தானே கட்டினார். டாலர் 200 ரூபாயில் இருந்து 360 ரூபாயைத் தாண்டி நின்ற நேரம் அது. அண்ணன் இல்லாவிட்டால் எனக்கு இது கிடைத்தே இராது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் இரண்டு அமர்வுகளும் கேள்விகளாகவே போயின. யேல்-பிரௌன் அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் உண்டு. மொத்தம் 40 புள்ளிகள், அதில் எனக்கு 29 வந்தது. நான் துடக்கு என்றேன், அவர் தீட்டு என்றார். இரண்டும் எங்கே ஒன்று, எங்கே வேறு என்று விளங்கிக்கொள்ளவே நேரம் பிடித்தது. பிறகு நான் பயப்படுகிறவற்றைப் பூச்சியத்திலிருந்து நூறு வரை ஓர் ஏணியாக எழுதச் சொன்னார். நிலத்தில் கிடந்த கிணற்றுக் கயிற்றைத் தொடுவது 40. வெளியே போட்ட செருப்போடு குசினிக்குள் போவது 60. செத்தவீட்டுக்குப் போய்வந்து ஒரே ஒரு முறை குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குவது 95.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நேரே பார்க்காமல் விளங்குமா என்று கேட்டீர்கள். வைத்தியசாலையின் அறையில் என்னுடைய கிணறு இல்லை, தம்பி. நான் கிணற்றுக் கட்டில் ஒரு கல்லை வைத்துத் தொலைபேசியை அதில் சாய்த்தேன். அவர் சென்னையில் இருந்து என் கிணற்றையும் வாளியையும் நான் கைகழுவும் விதத்தையும் பார்த்தார். கயிற்றைத் தொட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் சட்டையிலும் கன்னத்திலும் தடவிவிட்டு, கழுவாமல் அப்படியே உட்காரச் சொன்னார். "ஒன்றும் ஆகாதுதானே?" என்று கேட்டேன். "என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாமலே இருந்து பார்ப்போம்" என்றார். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. பயம் எத்தனை என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டார். 70 என்றேன், 80 என்றேன், பிறகும் 80. அந்த இடத்தில் மின்வெட்டு வந்தது. சற்று நேரத்தில் சிக்னலும் போனது. கிணற்றடியில் நானும், கழுவாத இரண்டு கைகளும், நிறைந்த வாளியும். பார்க்க யாருமில்லை, கழுவியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. நான் கழுவவில்லை. எப்போது இறங்கியது என்று தெரியவில்லை, காகம் ஒன்று வாளி விளிம்பில் வந்து இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பயம் 35 அளவில் இருந்ததை உணர்ந்தேன். மறுநாள் அவருக்கு அதைச் சொன்னபோது, இனி இது உங்கள் கையில் வந்துவிட்டது என்றார்.

இன்னொன்று. வழக்கத்தைக் கைவிடு என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. "உங்கள் அம்மா செத்தவீட்டால் வந்து எப்படிக் குளிப்பார்?" என்று கேட்டார். ஒரு முறை, தலையில் வார்த்து. அதுவே எனக்கும் அளவு என்று வைத்தோம். என் தெய்வத்துக்கும் ஊருக்கும் போதுமானது நோய்க்குப் போதவில்லை என்றால், நான் இவ்வளவு காலமும் கும்பிட்டது எதை என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

பதினான்கு வாரங்களின் பின் புள்ளி 13. முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். எண்ணம் இப்போதும் வரும். வாளி ஒன்றுதான்.

---

வடகரை வாசி
மே 13, இரவு 8.05

மேலே எழுதிய சகோதரிக்கு நன்மை கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை என்பதையும் இந்தத் தம்பி அறிந்துகொள்ள வேண்டும்.

நான் வாகரைப் பக்கம். என் மகனுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, சமையலுக்குக் கத்தியை எடுத்தால் பிள்ளையைக் குத்திவிடுவேனோ என்ற எண்ணம் எனக்கு வரத் தொடங்கியது. எழுதவே கை நடுங்குகிறது. வீட்டில் இருந்த கத்திகளை எல்லாம் அண்ணன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளையோடு தனியே இருப்பதில்லை. ஊரில் சொன்னால் என்ன பெயர் வரும் என்று பயந்து, முகநூலில் பார்த்த இணையவழி ஆலோசகர் ஒருவருக்கு ஆறு அமர்வுகளுக்கான பணத்தையும் முன்கூட்டியே கட்டினேன். எங்கள் பக்கம் வீட்டுக்குள் சிக்னல் நில்லாது. அதனால் பிரதான வீதிவரை போய், மதகில் இருந்துதான் கதைப்பேன்.

அவர் அன்பானவர். மூச்சை இழுத்து விடச் சொன்னார். "நீங்கள் நல்ல தகப்பன், ஒருக்காலும் அப்படிச் செய்யமாட்டீர்கள்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். கேட்டவுடன் பாறாங்கல்லை இறக்கியது போல இருக்கும். அது இரவுவரைகூட நிலைக்காது. பிறகு இரவில் வட்சப்பில் கேட்கத் தொடங்கினேன், அவரும் பதில் சொன்னார், அதற்குத் தனிக் கட்டணம் வந்தது. நான்கு மாதத்தில் நாளொன்றுக்கு இருபது தடவை கேட்பவனாக மாறிவிட்டேன். கடைசியில் மனைவிதான் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். திரைக்குள் இருந்து சிகிச்சை என்பது என்னைப் பொறுத்தவரை வியாபாரம். ஆளை ஆள் பார்க்கும் இடத்துக்குப் போங்கள், தம்பி.

---

கிளினிக் மேசை
மே 14, இரவு 9.30

நான் கிழக்கில் ஓர் அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் கடமையாற்றும் வைத்திய அலுவலர். எவருக்கும் இங்கே தனிப்பட்ட சிகிச்சை சொல்ல முடியாது, ஆனால் இந்த இழையில் இரண்டு அனுபவங்கள் அருகருகே வந்திருப்பதால், அவற்றுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை விளக்குவது என் கடமை என்று நினைக்கிறேன்.

வடகரை வாசி அவர்களே, உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் அங்கே பிழையாகிப் போனது திரை அல்ல என்பதே என் எண்ணம். அந்த ஆலோசகர் நேரே உங்கள் முன் இருந்து அதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும். இந்த நோயில் எண்ணம் ஒரு பக்கம், அந்த எண்ணம் தரும் பதற்றத்தைத் தணிக்கச் செய்யும் காரியம் மறுபக்கம். கழுவுவது, திரும்பிப் போய்ப் பார்ப்பது, கத்தியை ஒளிப்பது, "அப்படிச் செய்யமாட்டேன்தானே?" என்று கேட்பது எல்லாம் அந்தக் காரியத்தின் வகைகள். ஒவ்வொரு முறை தணியும்போதும், தணிவித்த காரியம் இல்லாமல் வாழ முடியாது என்று மூளை கற்றுக்கொள்கிறது. ஆறுதல் சொல்லும் ஆலோசகர் தன்னை அறியாமலே அந்தக் காரியத்தின் பங்காளி ஆகிவிடுகிறார். மனச்சோர்வில் இருப்பவருக்கு மருந்தாகக்கூடிய சொல், இங்கே நோய்க்குத் தீனியாகிறது.

இதற்கென்று உள்ள பேச்சுவழிச் சிகிச்சை வேறு. பயத்தைத் தருவதற்கு முன்னால் படிப்படியாக நிற்பதும், வழக்கமான காரியத்தைச் செய்யாமல் இருப்பதும் அதன் இரு கைகள். சுருக்கமாக ஈ.ஆர்.பி. என்பார்கள். லண்டனில் விக்டர் மேயர் என்பவர் 1966 இல் இரண்டு நோயாளிகளுக்கு இவ்வாறு செய்து எழுதியதிலிருந்து இது வளர்ந்து வந்திருக்கிறது. கல்லடிச் சகோதரிக்குக் கிணற்றடியில் நடந்தது அப்பழுக்கற்ற ஈ.ஆர்.பி.

தூரத்தில் இருந்து இதைச் செய்யலாமா என்பதும் ஆராயப்பட்ட விடயமே. இங்கிலாந்தில் 72 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நேரிலும் மறு பிரிவினருக்குத் தொலைபேசியிலும் பத்து வாரம் இந்தச் சிகிச்சையைத் தந்து பார்த்தார்கள். 2006 இல் வெளியான அந்த ஆய்வில், தொலைபேசிப் பிரிவினர் நேரில் வந்தவர்களுக்குக் குறையாமல் முன்னேறியிருந்தார்கள். அது காணொளிகூட இல்லை, வெறும் குரல். சுவீடனில் 101 பேரோடு நடந்து 2012 இல் வெளியான இன்னோர் ஆய்வில், இணையத்தில் பாடங்களை வாசித்து, பயிற்சிகளைச் செய்து, சிகிச்சையாளருக்கு எழுத்தில் தெரிவிக்கும் முறையைப் பத்து வாரம் பின்பற்றியவர்கள், ஆதரவான எழுத்து உரையாடலை மட்டும் பெற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். இரு பிரிவினருக்கும் இணையம் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சி கிடைத்தது, மற்றதற்கு ஆறுதல் கிடைத்தது. ஆகவே வாகரையில் சிக்னல் பலவீனமாக இருப்பது தடைதான், ஆனால் தாண்ட முடியாத தடை அல்ல.

துறையடியான், பணம் கட்டுமுன் அந்தச் சிகிச்சையாளரிடம் நேரடியாகக் கேளுங்கள்: ஓ.சி.டி.க்கு நீங்கள் ஈ.ஆர்.பி. செய்கிறீர்களா, எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அமர்வுகளுக்கு இடையில் நான் வீட்டிலும் வீதியிலும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தருவீர்களா? மூச்சுப் பயிற்சியும் நல்ல எண்ணங்களும் போதும் என்று சொல்பவரிடம் போக வேண்டாம். முதல் நாளே மருந்தை நிறுத்தச் சொல்பவரிடமும் போக வேண்டாம். செர்ட்ரலின் போன்ற மருந்துகள் இந்த நோயில் முழுப் பலன் தர எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம்வரை ஆகலாம், மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடிய அளவும் தேவைப்படலாம். ஒரு மாதத்தில் பலனில்லை என்று கைவிடுவோரை நான் வாரந்தோறும் காண்கிறேன். கிளினிக்கிற்குத் தொடர்ந்து போங்கள், அங்கே எல்லாம் இலவசம். இணையவழிச் சிகிச்சை அதற்கு மேலதிகமாகவே இருக்கட்டும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பவர்களும், உண்ணவோ குடிக்கவோ முடியாத அளவுக்கு நோய் முற்றியவர்களும் திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. உடனே வைத்தியசாலைக்கு வர வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

---

தென்கிழக்காள்
மே 15, பிற்பகல் 2.20

அக்கரைப்பற்றில் இருந்து எழுதுகிறேன். டொக்டர் பங்காளி என்று எழுதிய சொல்லைப் பலமுறை வாசித்தேன். எங்கள் வீட்டில் அந்தப் பங்காளி நான்தான்.

என் தம்பிக்கு 19 வயதில் தொடங்கியது. சுபஹு என்னும் அதிகாலைத் தொழுகைக்கு முன் வுழூ எடுக்க, அதாவது கைகால் முகம் கழுவ, குழாயடிக்குப் போனால் சூரியன் உதித்த பிறகுதான் வருவான். முழங்கை நனைந்ததா, நிய்யத் (மனதில் வைக்கும் எண்ணம்) சரியாக வந்ததா, இடையில் வுழூ முறிந்ததா என்று ஒவ்வொன்றையும் என்னிடம் கேட்பான். உம்மாவும் நானும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருந்தோம். எங்கள் பக்கம் இதற்கு வஸ்வாஸ் என்று ஒரு பெயர் முன்பே உண்டு. ஷைத்தானின் ஊசாட்டம் என்று சொல்லி, ஓதிய தண்ணீர் கொடுத்தோம், அதிகமாகத் தொழச் சொன்னோம். தொழுகை அதிகமாக அதிகமாக வுழூவும் அதிகமானது.

கொழும்பில் இருந்து தமிழில் காணொளிவழியாகச் சிகிச்சை தந்த ஒருவர், மூன்றாவது அமர்வில் உம்மாவையும் என்னையும் திரைக்கு முன் இருத்தினார். ஒரு நாளைக்கு எத்தனை முறை பதில் சொல்கிறீர்கள் என்று எண்ணச் சொன்னார். நான் ஒரு கொப்பியில் கோடு போட்டேன். முதல் நாள் 63 கோடுகள். அந்தத் தாளைப் பார்த்து உம்மா அழுதுவிட்டார். பதிலை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. "இது உன் நோய் கேட்கிற கேள்வி, உன்மேல் உள்ள பிரியத்தால் நான் அதற்குப் பதில் சொல்லமாட்டேன்" என்ற ஒரு வசனத்தை எங்கள் மூவரையும் சேர்ந்து எழுதவைத்தார், தம்பியின் சம்மதத்தோடு. முதல் வாரம் அவன் கதவை அடித்தான், சாப்பிடவில்லை. உம்மா இரண்டு முறை இரங்கிப் பதில் சொல்லிவிட்டார். அதற்கும் அவர் திட்டவில்லை.

பள்ளிவாசல் மௌலவியிடமும் போனோம். உறுப்புகளை அதிகபட்சம் மூன்று முறைதான் கழுவலாம், அதைத் தாண்டுவது வெறுக்கத்தக்கது, சந்தேகம் வந்தால் அதைப் பொருட்படுத்தாமல் தொழுகையைத் தொடர் என்று அவர் தெளிவாகச் சொன்னார். அதை அவன் ஒரே முறைதான் கேட்கலாம், திரும்பத் திரும்பப் போய்க் கேட்டால் அதுவும் நோய் ஆகிவிடும் என்று சிகிச்சையாளர் முன்பே எச்சரித்திருந்தார்.

தனியறை பற்றிக் கேட்டீர்கள், சகோதரர். எங்களுக்கும் இல்லை. அமர்வு நேரத்தில் உம்மா பக்கத்து வீட்டுக்குப் போவார், நான் முன்கதவில் இருப்பேன். ஆனால் இந்த நோயில் வீட்டார் எல்லாவற்றையும் அறியாமல் இருப்பதைவிட அறிந்திருப்பதே நல்லது என்று இப்போது நினைக்கிறேன். உங்கள் தம்பியை ஒரு முறையாவது அமர்வில் சேருங்கள். அவர்தான் உங்கள் கொப்பி.

---

துறையடியான்
மே 17, முற்பகல் 11.40

எல்லோருக்கும் நன்றி. விரிவாகப் பிறகு எழுதுகிறேன். இப்போது அவசரமாக ஓர் உதவி வேண்டும். இன்று காலை 7.20 அளவில் போரதீவுச் சந்திக்குச் சற்று முன்னால், பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று சைக்கிளில் போய்க்கொண்டிருந்தது. நான் அதைக் கடந்த கையோடு ஒரு குலுக்கல். சத்தம் எதுவும் கேட்கவில்லை, ஆனால் ஹெல்மெட் போட்டிருந்தேன். தம்பி இன்று வரவில்லை. அலுவலகத்தில் இருந்து எழுதுகிறேன், வேலை எதுவும் ஓடவில்லை. அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது விபத்து நடந்ததா என்று மட்டும் சொல்ல முடியுமா? இந்த ஒரு தடவை மட்டும்.

---

போரதீவான்
மே 17, நண்பகல் 12.05

தம்பி, நான் போரதீவுதான். காலை 7 மணியில் இருந்து கடையில்தான் இருக்கிறேன். ஒரு விபத்தும் நடக்கவில்லை. பிள்ளைகள் எல்லாம் வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போனார்கள். நிம்மதியாக வேலையைப் பாருங்கள்.

---

துறையடியான்
மே 17, நண்பகல் 12.10

அண்ணை, கோடி நன்றி. உயிர் வந்துவிட்டது.

---

துறையடியான்
மே 17, இரவு 11.50

போரதீவு அண்ணை, மன்னியுங்கள். உங்கள் கடை சந்திக்கு எந்தப் பக்கம்? நான் சொன்ன இடம் சந்திக்கு முன்னால், வெல்லாவெளிப் பக்கம். அங்கிருந்து பார்த்தால் உங்களுக்குத் தெரிந்திருக்குமா?

---

கல்லடிக் காற்று
மே 18, காலை 5.30

தம்பி, உங்கள் நான்கு பதிவுகளையும் வரிசையாக ஒருமுறை வாசியுங்கள். 12.10 க்கு உயிர் வந்தது. 11.50 க்குக் கடை எந்தப் பக்கம் என்று கேட்கிறீர்கள். போரதீவான் அண்ணன் பாசத்தால் சொன்னார், அவரில் ஒரு குறையும் இல்லை, நானும் அந்த இடத்தில் இருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் கடையின் திசையைச் சொன்னால், அந்த நேரம் கடைக்குள் யாரோடு கதைத்துக்கொண்டிருந்தார் என்று கேட்கத் தோன்றும். அதையும் சொன்னால் பொலிஸ் நிலையத்துக்கு அழைக்கத் தோன்றும். எனக்கு இது நன்றாகத் தெரியும், பதினொராவது வாளியின் பிறகும் எனக்குப் பன்னிரண்டாவது இருந்தது.

இந்த இழையும் இப்போது உங்கள் தம்பியின் இடத்துக்கு வந்துவிட்டது. இங்கே யாரும் இனி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்று எல்லோரிடமும் கைகூப்பிக் கேட்கிறேன். உங்களைத் தனியே விடுவதற்காக அல்ல. நீங்கள் பயத்தோடு இருக்கிறேன் என்று எழுதுங்கள், நான் எந்த நேரத்திலும் பதில் எழுதுவேன். நடந்ததா இல்லையா என்று கேட்டால் மட்டும் எழுதமாட்டேன்.

---

போரதீவான்
மே 18, காலை 8.15

எனக்கு இந்த நோயைப் பற்றி நேற்றுவரை ஒன்றும் தெரியாது. ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளைக்கு ஆறுதல் என்றுதான் நினைத்தேன். இனிக் கேட்டால் சொல்லமாட்டேன், தம்பி. குறை நினைக்காதீர்கள். பாலத்தடிக்கு வரும் வழியில் கடைக்கு வாருங்கள், ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போகலாம்.

---

வடகரை வாசி
மே 18, இரவு 7.45

நேற்றைய பதிவுகளை வாசித்தபோது, மதகில் இருந்து நான் வட்சப்பில் கேட்ட கேள்விகள் அப்படியே கண்முன் வந்தன. டொக்டர் சொன்னது இப்போது விளங்குகிறது. திரை வியாபாரம் என்று எழுதியதை முழுதாகத் திரும்பப் பெறமாட்டேன், ஏனெனில் என் பணமும் நான்கு மாதமும் போனது உண்மை. ஆனால் அடுத்த கிளினிக் நாளில் ஈ.ஆர்.பி. என்று பெயர் சொல்லிக் கேட்கப்போகிறேன். தொலைபேசியில் செய்யலாமா என்றும் கேட்கப்போகிறேன். அண்ணன் வீட்டில் இருந்து ஒரு கத்தியை இன்றைக்குத் திரும்ப வாங்கி வந்தேன். சிறியது, தேங்காய்ச் சொட்டு வெட்டுவது. அலுமாரிக்கு மேல் இருக்கிறது, இன்னும் கையில் எடுக்கவில்லை.

---

கிளினிக் மேசை
மே 18, இரவு 10.10

எடுக்கவில்லை என்றாலும் அது வீட்டுக்குள் வந்துவிட்டது. அடுத்த படியை உங்கள் வைத்தியரோடு சேர்ந்து எடுங்கள், தனியே அவசரப்பட வேண்டாம்.

---

துறையடியான்
ஆகஸ்ட் 24, இரவு 8.30

மூன்று மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். இடையில் எழுதாததற்குக் காரணம், எழுதினால் கேட்டுவிடுவேன் என்ற பயம்.

மச்சான் சொன்ன அமெரிக்கச் செயலியில் சேரவில்லை. பணமும் ஒரு காரணம். ஆங்கிலத்தில் என்னால் விண்ணப்பம் எழுத முடியும், பயத்தைச் சொல்ல முடியாது என்பது மற்றக் காரணம். தென்கிழக்கு அக்கா சொன்னது போலக் கொழும்பில் இருந்து தமிழில் சிகிச்சை தரும் ஒருவரைத் தேடி, டொக்டர் எழுதிய மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டுத்தான் சேர்ந்தேன். வாரம் ஒரு முறை, வயல் வாடியில் இருந்து கதைக்கிறேன். அங்கே சிக்னல் நன்றாக இருக்கிறது, மயிலைத் தவிர வேறு யாரும் இல்லை. மருந்தின் அளவைக் கிளினிக்கில் கூட்டினார்கள்.

முதற்படி, இரவில் விபத்துச் செய்தி தேடாமல் இருப்பது. அதற்கே இரண்டு வாரம் பிடித்தது. இரண்டாவது, தம்பி பின்னால் இருக்கலாம், ஆனால் நான் கேட்டாலும் அவன் வாய் திறக்கக் கூடாது. ஒரு நாள் வெல்லாவெளியில் இருந்து பாலம்வரை ஏழு தடவை கேட்டேன். அவன் ஏழு தடவையும் என் முதுகில் கையை வைத்தானே தவிரப் பேசவில்லை. பிறகு தம்பி இல்லாமல் போவது. வாய்ப்பான இடங்களில் கண்ணாடியைப் பார்ப்பது வாகனம் ஓட்டுபவர் எல்லோரும் செய்வது, அதை விட வேண்டாம், ஆனால் ஒரே இடத்துக்கு இரண்டாம் முறை பார்க்க வேண்டாம் என்று எல்லை வைத்தோம். சட்டைப் பையில் ஒரு கடதாசி இருக்கிறது. "நான் இன்று ஒருவரை இடித்திருக்கலாம். அது எனக்கு உறுதியாகத் தெரியாது. தெரியாமலே வேலைக்குப் போகிறேன்" என்று என் கையெழுத்தில் எழுதியது. அதை முதன்முதலில் சத்தமாக வாசித்தபோது வாந்தி எடுத்தேன். இப்போது மடிப்புக் கிழிந்துவிட்டது, ஒட்டுநாடா போட்டிருக்கிறேன்.

புள்ளி 31 இல் இருந்து 19 க்கு வந்திருக்கிறது. ஜூலையில் ஒரு வாரம் மிகவும் மோசமாகி, இரண்டு நாள் லீவு போட்டேன். அதையும் சொல்ல வேண்டும்.

இன்று காலை பட்டிருப்புப் பாலம் ஏறுவதற்குச் சற்று முன் பின்சக்கரம் எதிலோ ஏறி இறங்கியது. வழக்கமான பள்ளம் அல்ல. திரும்பிப் பார்க்கவில்லை. போரதீவு அண்ணையின் கடை அதற்கு முன்னமே கடந்துவிட்டபடியால் தேநீரும் இல்லை. கையொப்பமிடும்போது மணி 7.52. அது என்ன என்று எனக்கு இன்னும் தெரியாது. இதை எழுதும்போதும் பயம் 45 அளவில் இருக்கிறது. தொலைபேசியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறேன்.